ஆச்சரியக்குறி போட்ட நட்சத்திரம்

ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் சிக்கனக்காரர். தொலைநோக்கியை ஆண்கள் பிடித்துக்கொள்ளட்டும், அது எடுத்துத் தள்ளும் கண்ணாடித் தகடுகளைப் பெண்கள் பார்க்கட்டும், சம்பளமும் மிச்சம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஹென்ரியெட்டா லெவிட்டுக்கு விழுந்தது மணிக்கு 30 சென்ட். பெரு நாட்டின் அரெகிப்பாவிலிருந்து வந்த தகடுகளில் மெகல்லன் மேகங்கள் என்ற நட்சத்திரக் கூட்டங்களைத் துழாவி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பிடித்துப் போடுவது அவர் வேலை. ஒருநாள் எடுத்த நெகட்டிவின் மேல் இன்னொரு நாளின் பாசிட்டிவை வைப்பார். கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் கச்சிதமாக மூடிக்கொண்டால் தப்பித்தது. ஓரம் பிதுங்கினால் பேரேட்டில் ஏறியது. 1908-இல் பிதுங்கியவை மொத்தம் 1777.

அவற்றில் வெளிச்சம் கூடியவை நிதானமாகத் துடிப்பதைக் கவனித்தவர், 1912-இல் 25 நட்சத்திரங்களை வைத்து ஒரு விதியையே எழுதிவிட்டார். துடிக்கும் காலம் தெரிந்தால் உண்மையான ஒளி தெரியும். அது தெரிந்தால் தூரத்தைக் கறந்துவிடலாம். கட்டுரையில் கையெழுத்து மட்டும் பிக்கரிங். தயாரித்தது மிஸ் லெவிட் என்று முதல் வரியிலேயே சொன்னாரே, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் ஹார்லோ ஷேப்லி. பத்திரிகைத் தொழில் படிக்க மிசௌரி பல்கலைக்கழகம் போனால், அந்தத் துறை இன்னும் திறக்கவே இல்லை. பாடப்பட்டியலைப் புரட்டி, ஆர்க்கியாலஜியை உச்சரிக்க வாய் வராமல், அடுத்திருந்த அஸ்ட்ரானமியைப் பிடித்துக்கொண்டதாக அவரே சொல்லுவார். பால்வீதியை அளந்தார், அதன் பிரம்மாண்டத்தில் தானே சொக்கிப்போனார். ஆந்த்ரோமீடாவெல்லாம் தனி மண்டலம் இல்லை, எல்லாம் நம்முடையதற்குள் அடக்கம் என்ற கட்சிக்காக 1920-இல் வாஷிங்டன் மேடையேறி வாதாடினார்.

எட்வின் ஹபிளும் மிசௌரிக்காரர்தான். ஆனால் மூன்று வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துவிட்டு, வாயில் பைப்பும் இங்கிலாந்து உச்சரிப்புமாகத் திரும்பியிருந்தார். 1923 அக்டோபரில், மௌண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆந்த்ரோமீடாவை 45 நிமிடம் பிடித்தார். தகட்டில் மூன்று புதுப் புள்ளிகள். மூன்றும் நோவாதான் என்று மூன்றுக்கும் பக்கத்தில் 'என்' போட்டார். பிறகு பழைய தகடுகளைத் தூசி தட்டினால், மூன்றில் ஒன்று ஏற்கெனவே பலமுறை தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறது. வெடிக்கிற நட்சத்திரம் மாதாமாதம் வெடிக்குமா? அந்த 'என்'னை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் 'வி.ஏ.ஆர்.', அதாவது ஒளி மாறும் நட்சத்திரம், என்று எழுதி, ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார். பைப் பிடிக்கும் கனவான் அதற்குமேல் குதிக்க முடியாது.

31 நாள் துடிப்பு; லெவிட்டின் விதிக்கு அடங்கிய செஃபீட் இனம். தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, அதாவது பால்வீதிக்கு வெகு வெளியே. 1924 பிப்ரவரியில் ஹபிள் கடுதாசி போட்டார், அதுவும் ஷேப்லிக்கே. அப்போது ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் அவர். படித்துவிட்டு, என் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் இதுதான் என்று தன் மாணவி செசீலியா பெய்னிடம் நீட்டினாராம். தோல்வியிலும் வசனம் பேசத் தெரிந்த மனிதர்.

லெவிட் இறந்து அப்போது இரண்டு வருஷம். அது தெரியாமல் 1925-இல் ஸ்வீடனிலிருந்து கணித மேதை மித்தாக்-லெஃப்லர், நோபலுக்குப் பரிந்துரைக்க நினைத்து அவருக்கே எழுதினார். பதில் போட்டவர் ஷேப்லி. அம்மையார் காலமானதைச் சொல்லிவிட்டு, அந்த விதிக்கு விளக்கம் கண்ட பெருமை தமக்கும் உண்டு என்பதை நாசூக்காகச் சேர்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் கோலிலேயே கோளாறு. ஹபிளின் தூரங்களை நம்பி, பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்குப் போட்டால் அதற்கு வயது சுமார் 200 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளோ அதைவிடக் கிழம். அப்பனுக்கு மூத்த பிள்ளை! இந்தக் குடும்பச் சிக்கலுக்கு நடுவே போர் வந்தது. ஹபிள் ராணுவத்துக்குப் பீரங்கிக் கணக்குப் போடப் போனார். அதே மௌண்ட் வில்சனில் இருந்த ஜெர்மன்காரர் வால்ட்டர் பாடேயை யார் நம்புவது? மலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டார்கள். கீழே லாஸ் ஏஞ்சலிஸ் விளக்கணைத்துக் கிடக்க, உலகின் மிகப்பெரிய தொலைநோக்கி ஏறக்குறைய தனியுடைமையாகக் கிடைத்தது. சந்தேகத்துக்கு இவ்வளவு நல்ல கூலி எவனுக்கும் கிடைத்திருக்காது.

நட்சத்திரங்களில் இளசு, கிழடு என்று இரு கூட்டம் இருப்பதைப் பாடே 1944-இல் கண்டுபிடித்தார். செஃபீடிலும் அதே கதைதான்; இளசு கிட்டத்தட்ட நாலு மடங்கு பிரகாசம். இரண்டையும் ஒரே பெயரில் பதிந்து அளவு குறித்ததுதான் வினை. 1952-இல் ரோமில் அவர் இதை அறிவித்ததும் ஆந்த்ரோமீடாவின் தூரம் ஒரே நாளில் இரட்டிப்பானது. அந்த ஆந்த்ரோமீடாவோ நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. அதை 1912-லேயே வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்து வைத்திருந்தார்.