பச்சைத் தண்ணீர்ப் பண்ணையார்

கொளத்தூரில் தங்கமீன் வாங்குகிறவர் ஒரு டப்பா தீனியோடு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். நம் பண்ணையார் அந்த ரகமல்ல. அவர் கூடத்தில் இருப்பது ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி. அதில் மாண்டரின் என்றொரு மீன். மயில் நிறம், மகாராஜா நாக்கு. டப்பாத் தீனியைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது. பாறையிடுக்கில் ஊரும் கோபிபாட் என்னும் பொடி உயிரை உயிரோடு கொத்தித் தின்றால்தான் அதற்குச் சாப்பிட்ட மாதிரி.

சரியென்று கோபிபாட் வளர்த்தார். அதற்குப் பசிக்குமே? நுண்பாசி வளர்த்தார். பாசிக்குப் பசிக்குமே? எஃப்/2 உரம் வாங்கினார். 1962-இல் கில்லார்டும் ரைதரும் வெளியிட்ட எஃப் கரைசலின் பாதிச் செறிவு அது. விரல் நீள மீன் ஒன்றுக்காக ஒரு கடலே மூன்றாம் மாடி பால்கனிக்குக் குடிவந்துவிட்டது.

டியூப்லைட் வெளிச்சத்தில் வரிசையாகக் கொப்பளிக்கும் பச்சை பாட்டில்களைப் பார்த்து மாமியார் கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, கீரைச் சாறா?”

“நானோகுளோராப்சிஸ், அத்தை.”

“சர்க்கரைக்கு நல்லதா?”

பவளத்துக்கென்று தனி வாளியில் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கும் உண்டு. அந்த வாளித் தண்ணீர் ஒரு துளி பாசி பாட்டிலில் தெறித்தால் போதும். ரோட்டிஃபர் பெருகி, சில நாளில் பச்சை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். ஆகவே பாட்டி ஊறுகாய் ஜாடிக்குக் காட்டிய மடியை இவர் ஏர் டியூபுக்குக் காட்டுகிறார். தனிக் குவளை, தனிச் சல்லடை, கை கழுவாமல் யாரும் கிட்டே வரக்கூடாது.

சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். டேங்க் தண்ணீரின் அடர்த்தி 1.025-ஐ விட்டுச் சற்று நகர்ந்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. கரண்ட் போனால் வீட்டார் விசிறி தேடுவார்கள். இவர் பேட்டரி பம்ப் தேடுவார். வாளிக்கு மூச்சு முட்டுமாம். “எங்களுக்கு முட்டினால்?” என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இத்தனைக்கும் அந்த மீன் அவரை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. பலன் எதிர்பாராமல் உழைப்பவரை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது?

இப்படி ஒருவர் அறிமுகமானால் தாராளமாகப் பழகுங்கள், தங்கமான மனிதர். ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை நீட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் பாசி பாட்டில்களை நாள் தவறாமல் குலுக்கவேண்டும்.