பேர் சொல்லும் பிள்ளைகள்

கேள்வி: எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய குப்பம்மாள்கள் இருக்கிறார்கள். எட்டு வயதில் ஒரு குப்பம்மாள்கூட இல்லையே, ஏன்?

பதில்: அந்தப் பெயரை வைத்தது பயம். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், அதன்பின் பிறந்ததைக் குப்பையில் ஒரு கணம் கிடத்தி எடுப்பார்கள். அல்லது அக்கம்பக்கத்தாரிடம் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். பிறகு குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிடன் என்று பெயர் வைப்பார்கள். மட்டமான பெயருள்ள பிள்ளையை எமன் சீந்த மாட்டான் என்பது நம்பிக்கை. 1971இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. எமனை ஏமாற்றும் வேலையைத் தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எடுத்துக்கொண்டபின், குப்பம்மாளுக்கு அவசியம் இல்லாமல் போனது.

கேள்வி: பயம் எல்லா வீட்டுக்கும் பொதுதானே? சிலருக்கு மட்டும் ஏன் கௌரவமான பெயர் வாய்த்தது?

பதில்: பெயரிலும் மேல் கீழ் வைத்திருந்தார்கள். பிராமணன் பெயரில் மங்கலம், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு தொனிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்திலேயே விதி இருக்கிறது. நல்ல பெயர் வைத்தாலும் நிம்மதி கிடையாது. வீட்டில் ராமசாமியாக இருந்தவர் பண்ணையார் வாசலில் 'டேய் ராமா' ஆகிவிடுவார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இன்று ஒரு தமிழர் தம் பெயரை இனிஷியலோடு முடித்துக்கொள்வதில் அந்தத் தீர்மானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூலி வேலை செய்தவர் தம் மகளுக்கு ராஜேஸ்வரி என்றும் மகனுக்கு அறிவழகன் என்றும் பெயர் வைத்தாரே, அதைவிடத் துணிச்சலான அரசியல் பேச்சு அந்த ஊர் மேடைகளில் அதிகம் நடந்திருக்காது.

கேள்வி: தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதை ஒரே குடும்பத்தில் காட்ட முடியுமா?

பதில்: ஊரறிந்த குடும்பமாகவே எடுத்துக்கொள்ளலாம். திருக்குவளை முத்துவேலர் தம் மகனுக்கு வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி. அவர் வளர்ந்து கருணாநிதி ஆனார். அவருடைய மூத்த மகன் முத்து. தாத்தா பெயர் பேரனிடம் வந்து சேர்ந்தது. அடுத்தவருக்கு, 1949இல் மறைந்த திராவிட இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர். அதற்கடுத்தவர் பிறந்தது 1953 மார்ச் 1. நான்கு நாளில் மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார், பிள்ளைக்குப் பெயர் கிடைத்தது. பிறகு தமிழரசு, கனிமொழி என்று தனித்தமிழ் பேசும் பெயர்கள். பேரன்களின் காலத்தில் உதயநிதி, தயாநிதி, அருள்நிதி, கொள்ளுப்பேரன் இன்பநிதி. குலவழக்கம், இயக்கம், உலக அரசியல், மொழிப்பற்று, கடைசியில் குடும்ப முத்திரை. தமிழ்நாட்டின் நூறாண்டுப் பெயர் வரலாறு ஒரே வீட்டில் வரிசைகட்டி நிற்கிறது.

கேள்வி: ரமேஷ், சுரேஷ் எல்லாம் எங்கே போனார்கள்?

பதில்: மேலாளர் ஆகிவிட்டார்கள். சிலர் தாத்தாவும் ஆகிவிட்டார்கள்.

பெயரில் முதலில் பழசாவது அதன் வால்தான். ஆண்களுக்கு சாமி, முத்து, அப்பன் என்று முடிந்த காலம் போய் ராஜ், குமார் வந்தது. பிறகு ரமேஷ், கணேஷ், சதீஷ் என்று 'ஷ்' கோலோச்சியது. இப்போது 'வின்', 'விக்', 'இத்'. பெண்களுக்கு அம்மாள் போய் சரோஜா, விமலா. பிறகு சாந்தி, செல்வி. அதற்கும் பிறகு பிரியா, திவ்யா, ரம்யா. இப்போது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் 'ஷிகா'க்களும் 'ஷினி'களும். ஒருவருடைய பெயரின் கடைசி எழுத்தைக் கேட்டாலே பிறந்த வருடத்தைப் பத்து ஆண்டு முன்னே பின்னே சொல்லிவிடலாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சினிமாதானே காரணம்?

பதில்: பாதிக் காரணம். சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற இளைஞருக்கு, தம் 'மேஜர் சந்திரகாந்த்' படப் பாத்திரத்தின் பெயரை எடுத்து ரஜினிகாந்த் என்று வைத்தார் கே. பாலசந்தர். அந்தப் பெயர் திரையிலிருந்து இறங்கி எத்தனையோ வீட்டுத் தொட்டிலில் ஏறியது.

ஆனால் ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன், 2000இல் வெளியான தம் புத்தகத்தில், சினிமாவும் அரசியலும் இல்லாவிட்டாலும் பெயர் மோஸ்தர் தானாக மாறிக்கொண்டே இருக்கும் என்று வாதிட்டார். இதற்கு அமெரிக்காவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 'லவ் ஸ்டோரி' படத்தின் கதாநாயகி ஜெனிஃபர். அதனால்தான் அங்கே ஊரெல்லாம் ஜெனிஃபர் ஆனது என்பார்கள். படம் வந்தது 1970 டிசம்பரில். அந்த ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், பெண் குழந்தைப் பெயர்களில் ஏற்கெனவே முதலிடம் ஜெனிஃபருக்குத்தான். ஏறுகிற பெயரைக் கதாசிரியரின் காதும் பிடித்துக்கொள்கிறது, பெற்றோரின் காதும் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: நம் ஊரிலும் எந்த ஆண்டு எந்தப் பெயர் முதலிடம் என்று பார்க்க வழி உண்டா?

பதில்: அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. அந்த 1880இல் நூறு ஆண் குழந்தைகளில் எட்டு ஜான். இன்று முதலிடத்தில் இருக்கும் லியாம், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். யாருக்கும் இல்லாத பெயரைத் தேடும் ஆவல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பது இதில் தெரியும்.

நமக்குக் கையருகே இருப்பது வாக்காளர் பட்டியல். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் அதில் அடுத்தடுத்து இருக்கும். உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலை வயதுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் ஒரு கல்யாணப் பத்திரிகை போதும். மேலே 'பேரன்', 'பேத்தி' என்று வரும் இடத்தில் மாடசாமியும் பேச்சியம்மாளும்; நடுவில் செல்வராஜும் சாந்தியும்; கொட்டை எழுத்தில் கார்த்திக்கும் திவ்யாவும்; அடியில் 'மாமா கல்யாணத்துக்கு மறக்காம வாங்க' என்று அழைக்கும் ரித்விக்கும் தன்ஷிகாவும். ஒரே தாளில் நான்கு தலைமுறை.

கேள்வி: ஷ, ஜ, ஹ இல்லாமல் பெயரே வைக்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். ஜோசியர் குறித்துக் கொடுக்கும் எழுத்துகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அசுவினிக்குச் சு, சே, சோ, லா. உத்திராடத்துக்குப் பே, போ, ஜா, ஜி என்று பாதத்துக்கு ஒன்றாக வரும் அந்த வரிசை வடமொழி எழுத்துகளை வைத்து அமைந்தது. 'ஜி'யில் தமிழ்ப் பெயர் தேடினால் எங்கே கிடைக்கும்? அதன்மேல் எண் கணிதம் வேறு. ஜெயலலிதா 2001இல் தம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொண்டார். தமிழில் ஒரு எழுத்தும் கூடவில்லை. குழந்தையின் பெயரைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வாழ்நாள் முழுக்க அது கூப்பிடப்படப் போகிற பெயர்.

கேள்வி: பழைய பெயர்கள் திரும்பி வருமா?

பதில்: வரும், ஆனால் நம் அப்பா அம்மா பெயர் உடனே வராது, அதில் இன்னும் பள்ளிக் கட்டண ரசீதின் வாசனை இருக்கும். கொள்ளுப்பாட்டி பெயருக்குத்தான் யோகம். அமெரிக்காவில் 1880இல் மூன்றாம் இடத்தில் இருந்த எம்மா, 1970களில் நானூறாவது இடத்துக்கும் கீழே போய், 2008இல் முதலிடத்துக்கு வந்தது. நமக்கு நூறு ஆண்டு போதவில்லை. இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போயிருக்கிறோம். கீழடிப் பானை ஓட்டில் கீறிய 'ஆதன்' இன்று அங்கன்வாடிக்குப் போகிறான். கூடவே ஆதிரை, யாழினி, மகிழன், நன்மாறன்.

கேள்வி: என் மாமனார், பிள்ளைக்குக் குலசாமி பெயர்தான் வைக்க வேண்டும் என்கிறார். பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?

பதில்: மாமனார் பக்கமும் நியாயம் இருக்கிறது. இசக்கியம்மாள் என்றால் நெல்லை, குமரிப் பக்கம். ஒச்சம்மாள் என்றால் உசிலம்பட்டிப் பக்கம். பெயரே ஊரைச் சொன்னது. கன்னியாகுமரியிலும் காஞ்சிபுரத்திலும் இன்று ஒரே பெயர்தான் சூட்டுகிறோம். இழிவுப் பெயர்கள் ஒழிந்தது நமக்குப் பெரிய வெற்றி. அந்த வேகத்தில் ஊர்மணக்கும் பெயர்களையும் சேர்த்துக் கழித்துக்கட்டியது இழப்புதான்.

வழி பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்றிருந்த நாளில், பேரனுக்கு அவர் பெயரை வைத்துவிட்டு, கூப்பிட இன்னொரு பெயரும் வைத்தார்கள். இசக்கி யாழினி என்று பதிவு செய்யுங்கள். யாழினி என்று கூப்பிடுங்கள். பதினெட்டு வயதில் எது முன்னால் வர வேண்டும் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

கேள்வி: குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இரண்டு பாட்டிகளும் ஒத்துவரவில்லை. இன்னும் பெயர் வைக்காதது தப்பா?

பதில்: பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருந்தால் தப்பில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேலானால் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் பள்ளிச் சேர்க்கை அதுவரை காத்திருக்காது. எனவே பாட்டிகளிடம் ஆளுக்கு மூன்று பெயரை எழுதி வாங்கி, இரண்டு பட்டியலிலும் ஒரே ஓசையில் முடிகிற பெயர் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.