வலைத்தளம் கட்ட எந்தப் பட்டம்?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். வெப் டெவலப்பர் ஆக ஆசை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார் மாமா. பி.சி.ஏ. போதாதா?
- ஒரு மாணவி, விருதுநகர்

பதில்: 1989-ல் வைய விரிவு வலையை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ன படித்தார் என்று மாமாவிடம் கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல்! வெப் டெவலப்மென்ட் படிக்க அவருக்கு வழியே இல்லை. வலையையே அவர்தான் பிறகு உண்டாக்க வேண்டியிருந்தது.

பி.சி.ஏ. தாராளமாகப் போதும். மூன்றே வருடம். பி.இ.யை விட ஒரு வருடம் மிச்சம், பெரும்பாலும் பணமும் மிச்சம். மனமிருந்தால் மேலும் இரண்டு வருடம் எம்.சி.ஏ. படிக்கலாம். ஆனால் ஒன்று: சில நிறுவனங்கள் சில வேலைகளுக்கு பி.இ., பி.டெக். மட்டுமே கேட்கும். ஆகவே, கேம்பஸ் இன்டர்வியூவில் பி.சி.ஏ. மாணவர்களை யார் யார் எடுத்தார்கள் என்று சேருமுன் அந்தக் கல்லூரி சீனியர்களிடம் விசாரியுங்கள். வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸ் பேனரிடம் விசாரிக்காதீர்கள், அது எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும்.

எந்தப் பட்டமானாலும் டேட்டாபேஸ், நெட்வொர்க், டேட்டா ஸ்ட்ரக்சர் மூன்றையும் ஊன்றிப் படியுங்கள். ஃபிரேம்வொர்க்குகள் வரும், போகும். இந்த அடிப்படை கடைசிவரை சோறு போடும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கற்க அட்மிஷன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையிலேயே தெருமுனைக் கடைக்கு ஒரு வலைத்தளம் செய்துகொடுங்கள். நாளை வேலை விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் முகவரியையும் எழுதுங்கள்.