பட்டா யாரு பேருல, மருமவனே?

வா மருமவனே, உக்காரு. கடலைமிட்டாய்க் கடைக்கு வெப்சைட் போடப் போறியாம்லா? உங்க அம்மை நேத்தே வந்து சொல்லிட்டா. “அண்ணே, இவன் கம்ப்யூட்டர்ல கடை தொறக்கப் போறான்”ன்னா. “நல்லதுதான் தாயி, அங்ஙன சில்லறை இல்லேன்னு யாரையும் வெரட்ட முடியாதுல்லா”ன்னேன்.

யாரை வெச்சுச் செய்யப் போறன்னு கேட்டா மூணு ஆளைச் சொல்லுத. பொண்ணு தேடப் போனவன் மூணு ஜாதகத்தோட வந்த மாதிரி இருக்கு. கொண்டா, பொருத்தம் பாத்துருவோம்.

மொத ஜாதகம், உங்க சித்தப்பா மகன். இன்ஜினியரிங் படிக்கான், துட்டே வேண்டாம்னுட்டான். தானமா வந்த மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாவ. நான் சொல்லுதேன், அந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பாக்கணும். துட்டு வாங்குனவன்கிட்ட “ஏன்டே இன்னும் முடியலை?”ன்னு கேக்கலாம். சும்மா செய்யுதவன்கிட்ட எந்த வாயால கேப்ப? தீவாளி ஆர்டர் குமிஞ்சு கெடக்கும்போது அவனுக்குப் பரீட்சை வரும். நீ ஒரு சொல்லு கூடப் பேசிட்டா, அடுத்த கல்யாண வீட்டுல உங்க சித்தி உன் பக்கமே திரும்ப மாட்டா. அது உனக்கு லாபமா நட்டமாங்கது வேற கணக்கு.

ரெண்டாவது, பெரிய பட்டணத்துக் கம்பெனி. போன்லயே தேன் ஒழுகுது. “எல்லாம் நாங்களே பாத்துக்கறோம் சார், கூகுள்ல உங்களை முதல் இடத்துல நிறுத்திடுவோம்.” கொடையில மொத மரியாதை யாருக்குன்னு கோயில்காரன் சொல்லணும், பந்தல் போட வந்தவன் சொல்லப்பிடாது. மொத எடத்துக்கு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கான். இன்னொண்ணு, மேப்புல கடையைப் பதியுததுக்கு அவன் ஒத்தப் பைசா வாங்கதில்லை. கடை நெசந்தானான்னு போன்லயோ வீடியோவுலயோ சரி பாப்பான், அம்புட்டுத்தான். அதுக்குக் கம்பெனிக்காரன் ‘பேக்கேஜ்’னு பேரு வெச்சுத் துட்டுக் கேட்டா, திருநீறைப் பொட்டலம் கட்டி விக்கான்னு அர்த்தம்.

மூணாவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடி ரூம்ல இருக்க பையன். எனக்கு அவன்மேலதான் ஒரு கண்ணு. திறமை கூடுதல்னு சொல்ல வரலை. தப்புச் செஞ்சா சாயங்காலம் டீக்கடையில நம்ம மூஞ்சியில முழிக்கணும், அந்தப் பயம் போதும். உன் பாகுச் சட்டியை நேர்ல வந்து படம் பிடிப்பான். அதுக்காக உள்ளூர்க்காரன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒப்புக்கிடாத. எட்டயபுரத்து ஆட்டுச் சந்தையில உள்ளூர் ஆட்டையும் தடவிப் பாத்துத்தான் வாங்குதோம்.

முந்திச் செஞ்சதுல மூணைக் காட்டச் சொல்லு. அவன் லேப்டாப்புல பாக்காத, அதுல எல்லாருமே ரம்பைதான். உன் கீறல் விழுந்த போன்ல, வைஃபையை அணைச்சுட்டுத் தொற. நம்ம ஸ்டேஷன்ல ரயில் நின்னு கெளம்புததுக்குள்ள வெலையும் போன் நம்பரும் கண்ணுல படணும். வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா, வாங்க வந்தவன் சாத்தூர் தாண்டிருவான்.

பெறவு அந்த மூணு கடைக்காரங்களுக்கும் போன் போடு. ‘நல்லாச் செஞ்சாரா?’ன்னு கேக்காத, எல்லாரும் நல்லாத்தான் சொல்லுவாவ. “வெலை ஏறுனா நீங்களே மாத்துவீகளா, அவரைக் கூப்பிடணுமா? கூப்பிட்டா எடுப்பாரா?”ன்னு கேளு. கடலை வெலை மாசத்துக்கு மாசம் ஆடுது. வெப்சைட்டுல மட்டும் போன வருஷ வெலை நின்னா, வாங்குதவனுக்குக் கொண்டாட்டம், உனக்குத் திண்டாட்டம்.

படத்தையும் பாத்துக்கோ. ஒரு கடையில ‘தொடர்புக்கு’ன்னு தொட்டேன். வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தி காதுல கருவியை மாட்டிக்கிட்டுச் சிரிக்கா. நம்ம கடையில போன் எடுக்கது உங்க அம்மை. அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லை. இருந்தாலும் அவ படத்தையே போடு, நம்பி வாங்குவான். உணவு உரிமத்தோட 14 இலக்க நம்பர் தெரியுதான்னு பாரு. நம்ம ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடைச்சதுன்னு அந்த முத்திரையைப் பெருசாப் போடுவான். நீ அதுக்கு அதிகாரம் பெற்ற பயனராப் பதிஞ்சிருக்கியான்னு மொதல்ல உன்னையே கேட்டுக்கோ.

இப்பச் சங்கதிக்கு வாரேன். எங்க அய்யா கரிசக்காட்டுல பாறையை ஒடைச்சுக் கெணறு வெட்டுனாரு. பட்டா அவரு அண்ணன் பேருல கெடந்துச்சு, அண்ணன் தம்பிக்குள்ள என்னன்னு விட்டுட்டாரு. அண்ணன் போனபெறவு அவரு பிள்ளைக பம்பு செட்டைப் பூட்டுனாவ. பாறையை ஒடைச்சவரு வரப்புல நின்னு தண்ணி ஓடுததைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த வயித்தெரிச்சல்லதான் நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவாச் சேந்து முப்பது வருஷம் தாள் புரட்டுனேன்.

வெப்சைட்டுக்கும் பட்டா உண்டு மருமவனே. டொமைன்னு சொல்லுதாவள்லா, அதுதான். ‘டாட் இன்’ பேரை 2005-லருந்து யாரும் வாங்கலாம். ஒரு வருஷத்துக்கும் பதியலாம், பத்து வருஷத்துக்கும் பதியலாம். பெரிய துட்டு இல்லை. ஆனா பதியும்போது செய்யுதவன் தன் பேரு, தன் மெயில், தன் நம்பரைப் போட்டுட்டான்னா, கடை உன்னுது, வாசப்படி அவன்து. நாளைக்கு அவன் துபாய் போனாலும் சரி, கோவிச்சுக்கிட்டாலும் சரி, புதுப்பிக்கச் சொல்லி வார தாக்கல் அவனுக்குத்தான் போகும். கெடு தாண்டிட்டா உன் பேரை வேற எவனும் எடுத்துக்கிடலாம்.

அடுத்தது பத்திரம். நீ துட்டு குடுத்துட்டதாலயே அவன் எழுதுன நிரல் உனக்குச் சொந்தம்னு நெனைக்காத. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளா இல்லாம வெளியாளா இருந்து செஞ்சவன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் உரிமை கை மாறும். காலம் எழுதாம விட்டா 5 வருஷம்னு சட்டமே வெச்சுக்கிடும். எல்லை எழுதாட்டா இந்தியாவுக்குள்ள மட்டுந்தான். கிரயம்னு நெனைச்சுத் துட்டை எண்ணிக் குடுத்துட்டு, ஒத்திப் பத்திரத்தோட வீட்டுக்கு வந்த கதைதான். ஒரே பக்கத்துல எழுதி வாங்கு. என்ன செய்யணும், எப்பச் செய்யணும், வருஷாவருஷம் எவ்வளவு, உரிமை யாருக்கு. மொத்தத் துட்டையும் முன்னாடியே நீட்டிராத. பாஸ்வேர்டு எல்லாம் உன் கைக்கு வந்து, நீயே ஒரு தடவை வெலையை மாத்திப் பாத்தபெறவு பாக்கியைக் குடு.

நாளைக்கு அந்தப் பையனைப் பாக்கப் போனா, கலரு என்ன, டிசைன் என்னன்னு ஆரம்பிக்காத. மொதக் கேள்வியா, “தம்பி, பேரை யாரு பேருல பதிவீக?”ன்னு கேளு. “உங்க பேருலதான் அண்ணாச்சி”ன்னு யோசிக்காமச் சொன்னான்னா டீ வாங்கிக் குடு, உக்காந்து பேசு. “அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்”ன்னு சொன்னான்னா, செருப்பை எங்க விட்டோம்னு பாரு.