விழும்போது வாங்கணும்

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் சுங்க வரிகளை அறிவித்தார். மறுநாள் ஆப்பிள் பங்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 9ஆம் தேதி பல நாடுகளுக்கு வரி ஒத்திவைப்பு. 11ஆம் தேதி ஸ்மார்ட்போனுக்கு விலக்கு. பத்தே நாளில் இத்தனை காற்று மாற்றத்தைக் கடியப்பட்டணத்துக் கடல்கூடக் காட்டாது.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மருமகன் விடவில்லை. “மாமா, விழும்போதுதான் வாங்கணும். நீண்டகால முதலீடு!” நீண்டகாலம் என்பது என்ன? வாங்கியவர் விலை மறுபடி ஏறும்வரை காத்திருக்கும் காலம். ஏறாவிட்டால் அது இன்னும் நீளும்.

வள்ளத்தில் ஜிபிஎஸ் வைத்திருக்கும் மாமாவுக்குத் தொழில்நுட்பம் புதிதல்ல. “மக்கா, அவன் சாமானை எங்க செய்யான்?”

“சீனாவிலதான் கூடுதல். இப்ப ஸ்ரீபெரும்புதூர்லயும்.”

“அங்கதானே நோக்கியாக்காரனும் இருந்தான்?”

இருந்தான். உலகிலேயே அதிகக் கைபேசி விற்றவன். 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கினான். 2014இல் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய அந்த ஆலை கைமாறவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அதிபரின் மனநிலையும் வருமானவரி நோட்டீஸும் எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியாது.

“சரி, பணம்?”

“நகைக்கடன் போட்டா ஆச்சு.”

அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அத்தை கையைக் கழுவினாள். மகளைக் கூப்பிட்டு வளையல்களைக் கழற்றச் சொன்னாள். பீரோச் சாவி இடுப்புக்குப் போனது.

“பங்கு இன்னும் விழட்டும்” என்றாள்.