‘சொல்லிவிடுறேன்’: வத்திராயிருப்பு வட்டாரச் செல்வாக்கு வினைகள் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ‘எக்ஸர்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. வெளியே நீட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. செல்வாக்குள்ளவர் அதை நீட்டுகிறார், எதிரே இருப்பவர் நகர்கிறார். அதன் உறவுக்காரச் சொற்களில் ‘வீல்ட்’ என்பது ஆளுவதைக் குறித்த பழைய வினை. ‘லெவரேஜ்’ என்பதற்குள் நெம்புகோல் ஒளிந்திருக்கிறது. மூன்றிலும் நீட்டுபவர், ஆளுபவர், நெம்புபவர் என்று எழுவாய் பளிச்சென்று தெரியும். வத்திராயிருப்பில் இந்த இலக்கணம் செல்லாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

நாளிதழ்த் தமிழ் இதைச் ‘செல்வாக்கு செலுத்துதல்’ என்கிறது. வரி, வாகனம், நேர்த்திக்கடன், அஞ்சலி ஆகியவற்றோடு செல்வாக்கையும் செலுத்தச் சொல்வது எழுத்துத் தமிழின் தாராளம். ஆனால் களத்தில் எவர் வாயிலும் அது வரவில்லை. (களம் என்பது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை.) அங்கே புழங்கும் வினைகள் மூன்று: பிடித்தல், சொல்லுதல், பார்த்தல். “யாரப் பிடிக்கலாம்?” “ஒரு வார்த்த சொல்லுங்கண்ணாச்சி.” “நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.” பிடிப்பவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர், பார்ப்பவர் மூன்றாமவர். காரியம் யாருக்கு ஆக வேண்டுமோ அவர் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இவற்றுள் தனி அத்தியாயம் கோருவது ‘சொல்லிவிடுறேன்’. ‘விடு’ என்ற துணைவினை செயல் முடிந்துபோவதைக் காட்டும் என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். இங்கே அது ஒரு செயல் தொடங்கவே போவதில்லை என்பதையும் காட்டவல்லது. பட்டா மாறுதலுக்கு அலையும் ஒரு தென்னந்தோப்புக்காரரை எடுத்துக்கொள்வோம்.

“அண்ணாச்சி, அந்த விஷயம்…”

“நேத்தே சொல்லிட்டேனே! நீ போய்ப் பாரு.”

யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்பதை இவ்வாக்கியம் வெளியிடுவதில்லை. கேட்பதும் மரியாதை இல்லை. பட்டா மாறினால் “நாஞ் சொன்னதாலதான்”. மாறாவிட்டால் “நாஞ் சொல்லிட்டேன், அவன் கேக்கல”. இரண்டு முடிவுகளிலும் சொன்னவருக்குச் சேதாரமில்லை. ஆங்கில வினை எதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை ஒப்பியல் மொழியியலார் கவனிக்க வேண்டும்.

அடுத்து வரலாற்றுச் சான்று. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளைவிடப் பெரிய ஆதாரம் இவ்வட்டாரத்தில் கிடைக்காது. திருப்பாவைச் சிறுமியர் கண்ணனிடம் நேரே போய் நிற்பதில்லை. முதலில் வாயில் காப்போன், பிறகு நந்தகோபன், யசோதை, பலராமன், கடைசியில் நப்பின்னை. பியூனிடம் தொடங்கி வீட்டம்மா வரை போகும் இந்த வரிசையில் இன்றுவரை ஒருவரும் திருத்தம் செய்யவில்லை. நாச்சியார் திருமொழியில் குயிலிடமும் மேகத்திடமும் அதே வேண்டுகோள்தான்: போய்ச் சொல்லுங்கள். வைணவ ஆசாரியர்கள் இதற்குப் ‘புருஷகாரம்’ என்று பெயரிட்டு, பெருமாளிடம் தாயார் நமக்காகச் சொல்வதைத் தத்துவமாகவே நிறுவினார்கள்; பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அதை விரித்து எழுதினார். சிபாரிசுக்குச் சாஸ்திரம் கண்ட சமூகத்தைப் பார்த்து ‘நேரே போய்க் கேள்’ என்பது அபத்தம்.

அரசாங்கம் அந்த அபத்தத்தைச் செய்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவில் தகாத செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் மனத்தை அடக்கியாளும் நிலையில் இருந்துகொண்டு அதனால் நியாயமற்ற ஆதாயம் பெறுவதே அதன் இலக்கணம். அடக்கியாளுதல் எங்கள் அண்ணாச்சிக்குப் பொருந்தாது. டீக்கடை பெஞ்சில்கூட ஓரமாகத்தான் உட்கார்வார். அதைவிட நேரடியானது மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964. அதன் 20ஆம் விதிப்படி, அரசு ஊழியர் எவரும் தம் பணி தொடர்பான நலன்களுக்காக மேலதிகாரியிடம் அரசியல் செல்வாக்கையோ வேறு வெளிச் செல்வாக்கையோ கொண்டுவரக் கூடாது. கொண்டுவர முயலவும் கூடாது. விதியை எழுதியவர்கள் ஆங்கில வினையை நம்பி ஏமாந்தார்கள் என்பதே என் தீர்ப்பு. மாறுதல் கேட்கும் ஊழியர் எதையும் கொண்டுவருவதில்லை. அவருடைய மாமனாரின் சம்பந்தி யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் எழுவாயாகக்கூட இல்லாத மனிதரை எந்த விதியால் பிடிப்பது?

‘சிபாரிசு’ பாரசீகத்திலிருந்து வந்த விருந்தாளி என்பதையும் ‘வெயிட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதையும் இங்கே குறிப்போடு நிறுத்திக்கொள்கிறேன். சொல்வதற்குரிய வினை மட்டும் எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்கப்படவில்லை. செல்வாக்கு என்பதே செல்லும் வாக்குத்தானே.

ஆகவே ஆங்கில–தமிழ் அகராதிக்காரர்கள் அடுத்த பதிப்பில் ‘எக்ஸர்ட்’ என்ற சொல்லுக்கு நேராகச் ‘சொல்லிவிடு’ என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோரிக்கையைச் சாதாரணத் தபாலில்தான் அனுப்பியிருக்கிறேன், யாரையும் பிடிக்கவில்லை.