கைவசம்

மஞ்சூர்ப் பனியில் விடியற்காலையில் வயலின் சாதகம் செய்தால் இடது மணிக்கட்டு நோகிறது. "வலித்தால்தான் வித்தை கைவசமாகும்" என்கிறார் தாத்தா. மெய்தானா?
— ஒரு மாணவி, மஞ்சூர்

வித்தை கைவசமாவதற்கு முன் கை தங்கள் வசம் இருக்க வேண்டாமா? உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின், தேகத்தின் இறுக்கத்தால் அவதியுற்று, 1952-இல் பாரதம் வந்த சமயத்தில் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகாசனம் பயின்று, பின்னர் தம்முடைய தலைசிறந்த வயலின் ஆசான் அவரே என்று பொறித்த கடிகாரம் ஒன்றை அவருக்குச் சமர்ப்பித்தார். ஐயங்கார் கற்பித்ததோ ஆசனங்களை! கடிகாரம் கட்டும் இடமும் மணிக்கட்டுதானே?

சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலின்மீது சாய்த்து வாசிக்கும் நம் சம்பிரதாயத்தில், வாத்தியத்தின் பாரத்தைக் கால் ஏற்றுக்கொள்வதனால், இடக்கை கமகங்களுக்காகத் தந்திகளின்மேல் சுயேச்சையாகச் சஞ்சரிக்க இயலுகிறது. அந்தக் கையையே சுமைதாங்கியாக்கி, மணிக்கட்டை மடித்து வாசித்தால் அது நோகாமல் என்ன செய்யும்? குளிரில் விரல்கள் விறைத்திருக்கும் என்பதால், குந்தா மலைச்சாரலில் விளைந்த தேயிலையின் சூடான தேநீர்க் குவளையை இரு உள்ளங்கைகளாலும் சற்றே பொத்திப் பிடித்திருந்து, முதலில் சரளி வரிசையை விளம்பமாக வாசியுங்கள். அரைமணிக்கு ஒரு முறை கைக்கு ஓய்வு கொடுங்கள்.

தாத்தாவின் அன்பை நமஸ்கரிக்கிறேன். அவருடைய வைத்தியத்தை அல்ல. வலி நீடித்தாலோ, விரல் மரத்துப் போனாலோ, வில்லை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், தாத்தாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.